கெண்டைக்காலில் இறங்கிய மலை

1

கம்பெனி வைரவனுக்குத் தர வேண்டியது அறுநூற்று நாற்பது ரியால். அபா மலையில் செய்த வேலைக்கான படி. அந்தப் பணத்தை வாங்க வேண்டுமென்றால் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வியாழக்கிழமை விமானத்தில் ஏற வேண்டும். இப்போது ஏறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். எனக்குக் கதை எழுதும் ஆசையெல்லாம் கிடையாது. கத்த வேண்டும் போலிருந்தது. கேம்பில் கத்தினால் செக்யூரிட்டி வருவான். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பாலகுரு. சாரம் கட்டுகிறவன். ரியாத்துக்கு வெளியே ஒரு கேம்பில் வைரவனும் நானும் ஒரே ரூம். எழுத்து எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. வைரவன்தான் ஃபோனில் மைக் படம் போட்ட இடத்தைக் காட்டி, "அண்ணே, இத அமுக்கிட்டுப் பேசுங்க, அதுவா எழுதும்" என்றான். பேசினேன். எழுதியது. பேசினது என்னவென்று எனக்குத் தெரியுமே, அதை வைத்து எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன். ஆகவே இதில் பேச்சு வாடை அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மேகங்கள் மலையைத் தழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில், வைரவன்—'

நிறுத்திவிட்டேன். மேகம் யாரையும் தழுவவில்லை. சட்டையை நனைத்தது, இரும்புக் குழாயை வழுக்க வைத்தது, அவ்வளவுதான்.

அடுத்தது: 'ரத்தம் என்பது—'

இதையும் விட்டேன். ரத்தம் என்பது என்னவென்று சொல்ல நான் யார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அது வெளியே வந்தால் துடைக்க வேண்டும் என்பது. உள்ளேயே கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைப் போன மாதம்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சவூதியின் தெற்கே அபா பக்கம் ஒரு மலை. ஏறக்குறைய மூவாயிரம் மீட்டர் உயரம். பெரிய பெரிய ஆபீஸ்களில் வேலை பார்க்கிறவர்கள் அங்கே ஓட்டப் பந்தயம் வைத்திருந்தார்கள். மலைமேல் ஓடுவது அவர்களுக்கு ஆரோக்கியமாம். ஓடுகிறவர்களுக்கு வளைவு, மேடை, தண்ணீர்ப் பந்தல், கழிப்பறைப் பெட்டி எல்லாம் வைத்துத் தரும் காண்ட்ராக்ட் எங்கள் கம்பெனிக்கு. கடைசிப் பாதையில் லாரி போகாது. குழாய்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

ஓடுகிறவர்கள் பல நாள் முன்பே வந்து ஹோட்டலில் தங்கி, மெதுவாக நடந்து, அந்த உயரத்துக்கு உடம்பைப் பழக்கினார்கள். நாங்கள் ரியாத்திலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து இறங்கினோம். ஃபோர்மேன் "யல்லா, யல்லா, ஜல்தி" என்றான். தூக்கினோம். எங்கள் உடம்பைப் பழக்கியது ஃபோர்மேனின் வாய்தான்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்த உயரத்தில் குழாயோடு கொஞ்ச தூரம் நடந்தாலே நெஞ்சு பட்டறைத் துருத்தி மாதிரி ஏறி இறங்கும். பேச வராது. அதனால்தான் யாரும் எதிர்த்துப் பேசவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியாவது எங்களுக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சட்டும்.)

தண்ணீர் இருந்தது. பெட்டி பெட்டியாக நாங்களே சுமந்தது. ஆனால் நாங்கள் குடிக்கவில்லை. கழிப்பறைப் பெட்டிகளையும் நாங்கள்தான் தூக்கிவந்து நிறுத்தினோம், அதன் வாசலில் நின்ற காவலாளி "மாஃபி, மாஃபி, ரன்னர் ஒன்லி" என்று துரத்தினான், ஓடுகிறவர்களுக்கு மட்டும்தானாம். நாங்கள் போக வேண்டியது மலைக்கு அடியில். குடிக்காமல் இருப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் பழகிவைத்திருக்கும் வித்தை. சைட்டில் கக்கூஸ் தூரம் என்றால் நாக்கை நனைத்துக்கொண்டு மதியத்தை ஓட்டிவிடுவோம்.

எங்களில் மூத்தவர் கார்மேகம். கமுதிப் பக்கம். வைரவனுக்கு மாமன் முறை வைத்துக்கொண்டார்கள், ரத்த உறவு ஒன்றும் இல்லை. அவர் பாட்டிலை நீட்டினார்.

"ஒரு மடக்காச்சும் குடிடா மாப்ள."

"குடிச்சா ஒண்ணுக்கு வரும் மாமா. வந்தா எறங்கணும். எறங்குனா திரும்ப ஏறணும். எனக்கென்ன வேண்டுதலா?"

"நீ ஒட்டகம்டா."

"ஒட்டகத்துக்குத் திமிலு இருக்கு. எனக்கு இந்தக் குழாய்தான் இருக்கு."

சிரித்தோம். சிரிக்க மட்டும் எங்கிருந்தோ மூச்சு வந்தது.

3

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தை உள்ளே கொண்டுவர வேண்டும். சிவசங்கரன். எங்கள் கம்பெனியின் எச்.ஆர். ஆபீசர், கோயம்புத்தூர்க்காரர். குடும்பத்தோடு ரியாத்தில் இருக்கிறார். அவரும் ஓடினார். முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் ஒரு சாக்ஸ் போட்டிருந்தார். "சாரு பள்ளிக்கூடப் பிள்ள மாதிரி வந்துருக்காரு" என்று வைரவன் காதோடு சொன்னான்.

இவரைக் கெட்டவராக எழுத எனக்குக் கை பரபரக்கிறது. எழுதிப் பார்த்தேன்: 'சிவசங்கரனின் கண்களில் விஷம்—'. பொய். அவர் கண்ணில் தூக்கம்தான் இருக்கும். நல்லவராகவும் எழுதிப் பார்த்தேன்: தீபாவளிக்குக் கேம்புக்கு இனிப்பு அனுப்பினார் என்று. அது உண்மை. இருந்தும் அந்த வரியை அடித்துவிட்டேன். ஒரு பெட்டி லட்டுக்கு என் கதையில் இடம் கிடையாது.

பந்தயத்துக்கு முந்தின நாள் நாங்கள் கட்டிய மேடையில் ஒரு டாக்டர் இங்கிலீஷில் பேசினார். பேனர் துணி காற்றில் பறக்காமல் பின்னால் நின்று பிடித்துக்கொண்டிருந்தவன் நான். 'வாட்டர்', 'பிளட்' என்ற இரண்டு சொல்தான் எனக்குப் புரிந்தது. நாகவள்ளிக்கு, அதாவது தன் வீட்டுக்காரிக்கு, மேடையைக் காட்டுவதற்காக வைரவன் ஃபோனில் வீடியோ எடுத்தான். மேடைக்கு முன்னால் ஓடுகிறவர்கள். மேடைக்குப் பின்னால் தூக்குகிறவர்கள். பேச்சு முன்னால் மட்டும்தான் போனது.

4

பந்தயம் முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்து இறக்கினோம். ஓடினவர்கள் ஒரு தடவை ஏறி இறங்கினார்கள். நாங்கள் எத்தனை தடவை என்று யாரும் கேட்கவில்லை, பதக்கமும் இல்லை.

இறக்கின கையோடு பஸ். ரியாத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். மீதிக் குழாய்க் கட்டுகளைப் பஸ்ஸுக்குள் காலடியில் போட்டிருந்தார்கள். முழங்காலைத் தாடைக்குக் கீழே மடக்கி உட்கார்ந்தோம். நீட்ட இடமில்லை. வைரவன் ஜன்னலோரம், நான் பக்கத்தில். அவன் அப்படியே தூங்கிப்போனான். இறங்கும்போது இடதுகால் மட்டும் கனக்கிறது என்றான்.

[இங்கே ஒரு காட்சி இருந்தது. அன்று சாயங்காலம் கேம்பில் நடந்தது. எடுத்துவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.]

மறுநாள் காலை டூட்டி பஸ்ஸில் ஏறப் படியில் கால் வைத்தவன் ஏறவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, மூச்சு மேல வரல, மலை மாதிரியே இருக்கு" என்றான். கீழே உட்கார்ந்தான். உதடு நீலம் பாய்ந்தது.

ஆஸ்பத்திரியில் நஸீஹா என்று ஒரு நர்ஸ். இலங்கை, அக்கரைப்பற்று. அந்தப் பெண்ணின் தமிழ் காதில் விழுந்தபோதுதான் எங்களுக்கு உயிர் வந்தது. கெண்டைக்காலில் ரத்தம் கட்டியாகி, அதில் ஒரு துண்டு பிய்ந்து மேலே ஏறி நுரையீரலில் அடைத்திருக்கிறது என்றார். பிழைத்துவிட்டான், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மாதக்கணக்கில் மாத்திரை.

"மலையாலயா சிஸ்டர்?"

"கடுமையா உடம்ப வருத்தினா ரத்தம் உறையிற வேகம் கூடும் அண்ணா. உறைஞ்சத கரைக்கிற வேலையும் சேர்ந்து கூடும். ரெண்டும் சமமா நடந்தா பயமில்ல. இவருக்கு அந்த உசரம், உடம்புல தண்ணி இல்ல, பொறகு பஸ்ல அசையாம இருந்திருக்கார். தராசு ஒரு பக்கம் சாஞ்சிருக்கும்."

"அப்ப மலையாலதான்னு எழுதித் தருவாங்களா?"

"மலையால மட்டும்தான் எண்டு ஒருத்தரும் எழுத மாட்டாங்க. உசரம் ரத்தத்த எவ்வளவு மாத்துது எண்டு ஆராய்ச்சி செய்றவங்களே ஒரே மாதிரி சொல்லல்ல."

வைரவன் படுக்கையிலிருந்தபடி அந்த வீடியோவை நீட்டினான். நஸீஹா காதில் வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது.

"நல்லாத் தண்ணி குடிங்க எண்டு சொல்றார். ஓடி முடிச்ச உடனே கனநேரம் ஒரே இடத்துல குந்தியிருக்காதீங்க, எழும்பி நடங்க. ஒரு கால் மட்டும் வீங்கினா அமத்தித் தேய்க்காதீங்க, டொக்டரிட்டக் காட்டுங்க."

வைரவன் என்னைப் பார்த்தான். "அந்த மேடைய நான்தான்ணே கட்டுனேன்" என்றான்.

5

இனி விமானம்.

வைரவனின் காண்ட்ராக்ட் முடிந்ததாகச் சொல்லி கம்பெனி நாட்டை விட்டுப் போக எக்ஸிட் விசா அடித்துவிட்டது. இப்போது விமானம் ஏறக்கூடாது, சில வாரம் போகட்டும் என்று டாக்டர் எழுதித் தந்த தாளைச் சிவசங்கரனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இது அட்வைஸ்ப்பா. வீல்சேர் போட்டு ஏத்திடலாம். நீங்களா சொல்லாம இருந்தா ஏர்லைன்ஸ்ல யாருக்குத் தெரியப் போகுது?"

"விமானமும் ஒரு மலைதான் சார். உள்ள காத்து கம்மி, உக்காந்தே கெடக்கணும். சிஸ்டர் சொன்னாங்க."

"சிஸ்டர் இன்னொண்ணும் சொல்லலையா? கட்டி கால்ல இருந்திருக்கு. யாரோ ரூம்ல தேச்சுவிட்டுத்தான் மேல ஏறியிருக்கலாம்னு ரிப்போர்ட்ல இருக்கு. அப்ப இது எப்படிப்பா வேலையில வந்த பாதிப்பு ஆகும்? உங்க ஆளுங்க செஞ்ச வேலை அது."

டாக்டர் எழுதியது 'இருக்கலாம்'. மலையாலும் வந்திருக்கலாம், தேய்த்ததாலும் ஏறியிருக்கலாம். ஒரே சொல்தான். எங்கள் பக்கம் வரும்போது அதற்கு மதிப்பில்லை, அவர்கள் பக்கம் போனால் முத்திரை குத்திய தீர்ப்பு.

அன்று ரூமுக்கு வந்து கோபத்தில் ஒரு பக்கம் எழுதினேன். அதில் சிவசங்கரனுக்குக் கால் வீங்குகிறது. சாக்ஸைக் கழற்றுகிறார். கழற்ற முடியவில்லை. மூச்சு—

எழுத எழுத நன்றாகத்தான் இருந்தது. பாதியில் நின்றுவிட்டேன். இரக்கத்தால் அல்ல. அவருக்கு வந்திருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். தனி ரூம் தருவார்கள். மனைவி பக்கத்தில் இருப்பாள். பிளேனில் ஏறு என்று ஒருத்தனும் சொல்ல மாட்டான். என் சாபம்கூட அவருக்கு லீவாகத்தான் முடியும். கிழித்துப் போட்டேன்.

6

எடுத்துவிட்ட காட்சி எதுவென்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அதை எழுதினால் சிவசங்கரன் சொல்வதற்கு நானே சாட்சி சொன்ன மாதிரி. எழுதாவிட்டால் கதை நொண்டும். எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். கார்மேகம் விடவில்லை.

"என்னடா எழுதுற ராப்பகலா?"

"வைரவன் சமாச்சாரந்தாண்ணே."

"நான் வர்றனா?"

"மலையில வர்றீங்க. தண்ணி குடிக்கச் சொல்றீங்க."

"கால் தேச்சது?"

நான் எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"என்னைய உத்தமனாக்கி மாலையா போடப் போற? எழுதுடா. நீ எழுதலைன்னா அந்தாளு சொல்றதுதான் நிக்கும். நான் தேச்சது காலத்தான். அந்தக் கால்ல கட்டி எங்கருந்து வந்துச்சுன்னு அதையும் சேத்து எழுது."

எழுதுகிறேன்.

கேம்பில் கார்மேகம்தான் சுளுக்கு எடுப்பவர். காசு வாங்கமாட்டார். சுளுக்கு எடுத்துக்கொண்டவன் அவருக்கு ஒரு டீ போட்டுத் தர வேண்டும், அதுதான் வழக்கம். கிளினிக் போனால் அரை நாள் சம்பளம் போகும். கார்மேகத்திடம் போனால் ஒரு டீ போகும். யாராக இருந்தாலும் அவரிடம்தான் போவான்.

அன்று சாயங்காலம் நல்லெண்ணெயைக் கரண்டியில் காய்ச்சினார். வைரவனைக் குப்புறப் படுக்க வைத்தார்.

"ஒத்தக்கால் மட்டும் சூடா இருக்கு மாமா."

"மலையில நரம்பு முறுக்கிக்கிச்சு. பல்லக் கடிச்சுக்க."

இரண்டு பெருவிரலையும் கெண்டைச் சதையில் ஊன்றி, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை மேல்நோக்கி உருவினார். திரும்பத் திரும்ப. வைரவன் துண்டைக் கடித்துக்கொண்டான். முடிந்ததும் எழுந்து, "லேசா இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு நொண்டி நொண்டிப் போய் டீ போட்டுவந்து கொடுத்தான். இஞ்சி தட்டிப் போட்ட டீ. கார்மேகம் ரசித்துக் குடித்தார்.

அவ்வளவுதான் காட்சி. குற்றம் எது என்று தேடிப் பாருங்கள். அந்த டாக்டரின் பேச்சு மேடைக்குப் பின்னாலும் ஒரு தடவை தமிழில் வந்திருந்தால் அந்தக் கை அந்தக் காலைத் தொட்டிருக்காது. தமிழ் தெரிந்த ஒருவர் முன்வரிசையில் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார்.

(இப்போதெல்லாம் யாராவது சுளுக்கு என்று வந்தால் கார்மேகம் கையை லுங்கிக்குள் விட்டுக்கொண்டு, "டாக்டரப் பாருப்பா" என்கிறார். இதற்கு ரிப்போர்ட்டில் கட்டம் கிடையாது.)

7

நேற்று செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு மூவரும் போனோம். கார்மேகம், வைரவன், நான்.

சிவசங்கரன் மேசையில் அறுநூற்று நாற்பது ரியாலை எண்ணி வைத்தார். பக்கத்தில் தாள். மலைவேலை சம்பந்தமாகக் கம்பெனியிடம் எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, என் சம்மதத்தோடு ஊர் போகிறேன் என்று அதில் இருந்தது. அரபியும் தமிழும். தமிழை நானே எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன்.

"உக்காருப்பா வைரவா."

வைரவன் உட்காரவில்லை. அந்தச் சின்ன ரூமில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான்.

"உக்காந்து கையெழுத்துப் போடுப்பா. ஏன் அலையுற?"

"உக்காரக் கூடாதுன்னு மேடையில சொன்னாங்கள்ல சார். நீங்கதான் முன்னாடி இருந்தீங்க."

சிவசங்கரன் பேனா மூடியைத் திறந்து மூடினார். "எனக்கும் மேல ஆள் இருக்குப்பா" என்றார். இது உண்மையாகவும் இருக்கலாம். இருக்கலாம் என்ற சொல்லுக்கு அவர் தந்த மதிப்பை நானும் தருகிறேன்.

"தேச்சது நான் சார்" என்றார் கார்மேகம். "பேரோட எழுதிக்கங்க. தூக்கச் சொன்னது யாரு, கக்கூசுல விடாதது யாரு, பஸ்ல கால மடக்கி உக்கார வச்சது யாரு, அவுங்க பேரையும் எழுதிட்டு, கடைசியில எம் பேர எழுதுங்க."

அப்போது வைரவனின் ஃபோன் அடித்தது. நாகவள்ளி. ஸ்பீக்கரில் போட்டான்.

"டிக்கெட் போட்டாச்சாமே. வந்துருங்க. அம்புட்டுப் பேரும் பிளேன்லதான வாராக. இங்கன சிவகங்கையில வச்சுப் பாத்துக்கிருவோம்."

"வர்றேன்டி."

"எப்ப?"

அவன் நடந்துகொண்டே இருந்தான். "முழுசா வர்றேன்" என்றான். ஃபோனை அணைத்தான். பிறகு மேசைக்கு வந்து, நோட்டுகளை ஒரு விரலால் அந்தப் பக்கம் தள்ளினான்.

"இது வேணாம் சார். கணக்குல தள்ளி எழுதிக்கங்க."

"வேணாம்னா? இது உன் காசுப்பா."

"எங் காசுதான். அதான் நான் விடுறேன். இத வாங்குனா அந்தத் தாளும் சேந்து வருது. காசு போனாப் போகுது, தாள்ல எம் பேரு வராது."

சிவசங்கரன் நோட்டுகளை எடுத்து உறைக்குள் வைத்தார். வைக்கும்போது அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எழுதலாம்தான். நான் பார்க்கவில்லை. நான் வைரவனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

8

இன்று புதன்கிழமை. கையெழுத்து இல்லாவிட்டாலும் டிக்கெட் டிக்கெட்தான், நாளை கேம்புக்கு வண்டி வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நஸீஹா ஒரு வழி சொன்னார். "கவுண்டர்ல நீங்களே வாயத் திறந்து சொல்லுங்க. நுரையீரல்ல கட்டி, டொக்டர் வேணாமெண்டிருக்கார் எண்டு. தெரிஞ்சுகொண்டு ஏத்த மாட்டாங்க." அதை இங்கிலீஷிலும் அரபியிலும் ஃபோனில் எழுதிவைத்திருக்கிறோம். மைக்கை அமுக்கி நான் தமிழில் பேசினேன், அது மாற்றிக் கொடுத்தது. டாக்டரின் தாளை நகல் எடுத்து அவன் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: அவன் காட்டுகிறான், நிறுத்துகிறார்கள், அவன் நடந்தே வெளியே வருகிறான்.

முடிவு இரண்டு: வீல்சேரைத் தள்ளுகிறவன் நிற்காமல் தள்ளுகிறான். கூடவே நாகவள்ளியின் ஃபோன் அடிக்கிறது. அவன்—

இதை முடிக்க மாட்டேன். எனக்கு எழுத்து வந்தது இதற்காக இல்லை.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு வியாழக்கிழமை கடந்து போயிருக்கும். எனக்கு இன்னும் வரவில்லை. ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களில் யாராவது அந்தக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்க்கிறவராகவும் இருக்கலாம். இடதுகாலைச் சற்று இழுத்து நடக்கும் ஒருவன் ஃபோனை நீட்டினால் வாங்கிப் படியுங்கள்.

வேறு என்ன வேண்டுமானாலும் மாற்றுங்கள். மலையைக்கூட இடம் மாற்றிக்கொள்ளுங்கள். அவனை மட்டும் உட்கார வைக்காதீர்கள். அந்த அறுநூற்று நாற்பது ரியாலையும் கடைசிப் பக்கத்தில் அவன் கையில் கொண்டுவந்து கொடுத்துக் கதையை நல்லபடியாக முடித்துவிடாதீர்கள். அதை அவன் தள்ளுபடி செய்துவிட்டான்.